கிண்ணம் ஏந்திய கை

எங்கள் பள்ளிக்கூட மலர் வெளியிடும் குழுவிலிருந்து தங்கச்சி ஒருத்தி போன் எடுத்து, "அக்கா, பள்ளிக்கூடக் காலத்தைப் பற்றி ஏதும் எழுதித் தாங்கோ" என்றாள். எழுத உட்கார்ந்தால், 1988இல் லண்டனில் நான் செய்த ஒரு வெட்கக்கேடுதான் முன்னுக்கு வந்து நிற்கிறது.

காலை ஜெபவேளையில் வேதப்புத்தகத்தை மேடைக்குக் கொண்டுபோவது மாணவத் தலைவி. ஜெபிப்பது அதிபர் அம்மா. ஆனால் அப்பமும் கிண்ணத்தில் திராட்சை இரசமும் கொடுக்கும் திருவிருந்து என்றால் வெளியிலிருந்து குருவானவர், ஓர் ஆண், வரவேணும். ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை, நானும்தான்.

அந்தப் பழக்கத்தோடுதான் கிழக்கு லண்டனில் ஓர் அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபைக்) கோயிலில் முழங்காலிட்டேன். கிண்ணத்தோடு வந்தவர் ஒரு ஜமைக்கா அம்மா. ஆஸ்பத்திரிச் சோப்பில் கழுவிக் கழுவி விரல் மூட்டுகள் வெளிறிய கை. ஒவ்வொருவரும் பருகியதும் வெள்ளைத் துணியால் விளிம்பைத் துடைத்து, கிண்ணத்தைச் சற்றே திருப்புவார். அடுத்த ஞாயிறு நான் மற்றத் தொங்கலில் போய் முழங்காலிட்டேன். அங்கே கிண்ணம் ஒரு வெள்ளைக்காரரிடம். பெண் கையால் வாங்குவதா என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, ஊரில் கறுப்பினத்தவருக்கு நாங்கள் வைத்திருந்த அந்தச் சொல். இங்கே எழுத மாட்டேன், உங்களுக்குத் தெரியும்.

அவர் கவனித்திருக்கிறார். ஆராதனை முடிய வந்து பக்கத்தில் இருந்து, "இந்தக் கோட் குளிருக்குக் காணாது பிள்ளை" என்றார், அவ்வளவுதான். பழகப் பழகத்தான் தன் கதை சொன்னார். 1950களில் நேர்ஸாக வந்த புதிதில், வாசலில் கைகொடுத்த குருவானவரே "இனி வராதீங்கோ, சபையாருக்குப் பிடிக்காது" என்றாராம். அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை அதற்கு மன்னிப்புக் கேட்டது 2020இல்.

1989 பெப்ரவரியில் ஒரு பத்திரிகைத் துண்டை என் கையில் திணித்தார். அங்கிலிக்கன் உலகின் முதல் பெண் பேராயராக (பிஷப்) பார்பரா ஹாரிஸ் அமெரிக்காவின் பொஸ்ரனில் அபிஷேகம் பெற்ற செய்தி. கறுப்பினப் பெண். 1974இல் பிலடெல்பியாவில், சபையின் அனுமதி இல்லாமலே 11 பெண்கள் குருப்பட்டம் பெற்றபோது சிலுவை தூக்கி முன்னே நடந்தவர். பொஸ்ரனில் பொலிஸ் நீட்டிய குண்டு துளைக்காத அங்கியை வேண்டாம் என்றவர்.

இங்கிலாந்தில் பெண்கள் குருவாக 1994 வரை போனது. அந்த ஆண்டு குருப்பட்டம் பெற்ற ஜமைக்காப் பெண் ரோஸ் ஹட்சன் வில்கின், 2019 நவம்பரில் டோவர் பேராயரானார். அதைப் பார்க்க எங்கள் ஜமைக்கா அம்மா இல்லை.

இப்போது அந்தக் கோயிலில் கிண்ணம் கொடுப்பது நான். போன மாதம், ஊரிலிருந்து வந்த ஒரு தம்பி என்னைக் கண்டதும் எழும்பி மற்றத் தொங்கலுக்குப் போனார். விளிம்பைத் துடைத்துக்கொண்டு அடுத்தவரிடம் நகர்ந்தேன். ஆராதனை முடிய, அவருடைய கோட் குளிருக்குக் காணுமா என்று போய்க் கேட்டேன்.