தூய மின்சாரமும் தூர்ந்த வரத்துக்காலும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் உட்புறக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் சட்ட உதவி அலுவலகத்துக்கு வந்த ஐந்து பேரும் கையோடு ஓர் உரையை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். ஊர் எல்லையில் அமையவிருந்த சூரிய மின் நிலையம் குறித்து மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் வாசிப்பதற்காக, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் துணையோடு அவர்களே எழுதியது அது. கூட்டம் எந்தத் தேதியில் நடக்கும் என்று விசாரித்துச் சொன்னால் போதும் என்றார்கள். அப்படி ஒரு கூட்டம் நடக்கவே போவதில்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

கடலோரத்து அனல்மின் திட்டங்களைப் பார்த்துப் பழகிய எனக்கும் அது புதிய நிலைமைதான். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அத்தகைய திட்டம் வருவதற்கு முன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்போடு கூட்டம் கூட்ட வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் உரிய நிலையிலுள்ள அதிகாரியோ தலைமை வகிக்க வேண்டும். பேசியவை பதிவாகி, முடிவில் அவ்வூர் மொழியில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய தேதிகளில் நிறுவனம் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். அந்த அறிக்கைகளை வரிவரியாகப் படித்து, நிபந்தனைக்கும் களத்துக்கும் உள்ள இடைவெளியைக் குறித்துவைக்க மீனவ இளைஞர்களுக்குப் பயிற்சி அளிப்பதே அதுவரை என் வேலையின் பெரும்பகுதியாக இருந்தது.

சூரிய ஒளி மின் நிலையம் அந்த அறிவிக்கையின் பட்டியலிலேயே இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் தொழில்களை நிறவாரியாகப் பிரித்தபோது அதை வெள்ளைப் பிரிவில் வைத்தது. அப்பிரிவினர் வாரியத்துக்குத் தகவல் தெரிவித்தால் போதும், இசைவு பெற வேண்டியதில்லை. இதில் உள்ள நியாயத்தை நான் மறுக்கவில்லை. புகை இல்லை, சாம்பல் இல்லை, கடலில் விடும் வெந்நீரும் இல்லை. ஆனால் மாசு இல்லாத திட்டத்தில் ஊராருக்குக் கேள்வி கேட்கும் இடமும் இல்லாமல் போவது ஏன் என்று அந்த ஆசிரியர் கேட்டபோது, என்னிடம் நேரான பதில் இல்லை.

அவர்களது அச்சம் தண்ணீரைப் பற்றியது. ஒரு மெகாவாட் திறனுக்கு ஏறத்தாழ ஐந்து ஏக்கர் நிலம் தேவைப்படும். அதைச் சமதளமாக்கி வேலியிட்டால் உள்ளே இருந்த மேடுபள்ளமெல்லாம் மறைந்துவிடும். இப்பகுதியின் கண்மாய்களோ வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பியிருப்பவை. அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களைக் கோடையில் பார்த்தால் ஆடு நடந்த தடம் போலத்தான் தெரியும். தரகர்கள் மூலம் கைமாறிய பட்டா நிலங்களுக்கு நடுவே ஓடிய அப்படியொரு கால், நிலத்தைச் சமன்செய்தபோது மண்ணோடு மண்ணாகிவிட்டது. பட்டா நிலம் விற்பனைக்குரியது. அதனூடே ஓடும் வாய்க்கால் புறம்போக்கு அரசுக்குரியது. எங்கள் வாதத்துக்கு இருந்த பிடிமானம் அந்த ஒன்றுதான்.

ஆகவே சுற்றுச்சூழல் வழக்கறிஞரான நான் சில மாதங்கள் நில அளவைக்காரியாக மாறினேன். நிலங்களின் விவரம் அடங்கிய வருவாய்த் துறையின் அ-பதிவேடு, கிராம வரைபடம், ஒவ்வொரு புலத்தின் எல்லையையும் காட்டும் புல வரைபடம் ஆகியவற்றின் நகல்களை வாங்கி, புல எண்களை ஒட்டிப் பார்த்து, எந்த இடத்தில் வரத்துக்கால் நுழைந்து எந்த இடத்தில் கண்மாயின் உள்வாயை, அதாவது நீர் தேங்கும் உட்பரப்பை, அடைகிறது என்று பென்சிலால் கோடு இழுத்தோம். கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் ஊரின் மூத்த நீர்க்கட்டி ஒருவர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வக்கீலம்மா, இதுல ஒரு வளைவு குறையுது" என்றார். நாங்கள் ஒரு புல எண்ணை விட்டிருந்தோம்.

இதனிடையே நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பத்து ரூபாய் கட்டி விண்ணப்பித்து, 30 நாளில் வர வேண்டிய பதில் வராததால் மேல்முறையீடு செய்து, ஆவணம் முழுமையாகக் கையில் வந்த பிறகே வழக்குத் தொடுப்பது என்று காத்திருந்தேன். ஆனால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான சட்டத்தின் 14ஆவது பிரிவு, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதமே தருகிறது. போதிய காரணம் இருந்தால் மேலும் 60 நாள். நான் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தபோது அதுவும் கடந்திருந்தது. சூழலை மீட்டமைக்கக் கோரும் 15ஆவது பிரிவில் ஐந்தாண்டு அவகாசம் உண்டு என்பது சட்டப்படி ஆறுதல்தான். ஐப்பசிக்குள் தண்ணீர் வேண்டும் என்று நிற்பவர்களிடம் ஐந்தாண்டு என்று எப்படிச் சொல்வது? அன்று முதல் எந்தக் கோப்பானாலும் மேலட்டையில் தேதியைத்தான் முதலில் எழுதுகிறேன்.

கடைசியில், கிராம சபைத் தீர்மானத்தையும், ஏரிகளைப் பாதுகாக்கும் 2007ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தைச் சுட்டிய மனுவையும் வருவாய்த் துறையிடம் கொடுத்தோம். பலிக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தாக்கல் செய்ய ரிட் மனுவைத் தயாராக வைத்திருந்தோம். அதற்குத் தேவை வரவில்லை. நில அளவர் வந்து சங்கிலி பிடித்துக் கல் நட்டார். நிறுவனமும் வரத்துக்காலை மீண்டும் வெட்டி, தன் உள்பாதைகள் குறுக்கிடும் இடங்களில் குழாய் பதித்தது. அந்த ஆண்டு கண்மாய் பாதிதான் நிறைந்தது. அது மழைக் குறைவாலா, குழாயின் குறுக்களவாலா என்று ஊரில் இன்றும் இரு கட்சி உண்டு. என் கட்சி குழாய்.

காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கியுள்ளது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் கூறியபோது நண்பர்கள் வாழ்த்துச் சொன்னார்கள். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் என்னும் அரிய பறவையின் வாழிடத்தில் செல்லும் மின்கம்பிகள் பற்றிய வழக்கு அது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுசெல்லுமாறு 2021இல் பரவலாகப் பிறப்பித்த உத்தரவைத் தளர்த்திய தீர்ப்பில்தான் இந்த உரிமை பிறந்தது. அதைச் சூரிய மின் நிறுவனமும் காட்டலாம், கண்மாய்ப் பாசனக்காரரும் காட்டலாம்.

எதையுமே காட்ட முடியாத நிலையில் இருப்பவர்கள் வேறு. வேலி விழுந்த தரிசில் ஆடு மேய்த்தவர்களும், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டவர்களும் நிலத்தின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அவர் என்ன வழக்குப் போடுவார் என்பதுதான் சிக்கல். கரிமூட்டத் தொழிலாளியான ஓர் அம்மா, என்ன காகிதம் கொண்டுவர வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அந்த நிலத்தில் வேலை செய்ததற்கு எழுத்தில் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்றேன். மறுவாரம், வியாபாரி மூட்டைக் கணக்கு எழுதித் தந்த எண்பது பக்க நோட்டு ஒன்றை மஞ்சள் பையில் கொண்டுவந்து கொடுத்தார். பதினோரு ஆண்டுக் கணக்கு அதில் இருந்தது. நகல் எடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். நகலை எந்த மனுவோடு இணைப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.