எந்த அழைப்புக்கு அந்த ஜீப் ஓடியது?

2019இல் என் அண்ணன் போலீஸ் ரோந்து ஜீப் மோதி இறந்தார். கொங்குப் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. அண்ணன் விசைத்தறி ஓட்டினார், வயது 44. ராத்திரி ஷிப்ட் முடிந்து பைபாஸ் ஓரம் டவுன் பஸ்ஸுக்கு நின்றிருந்தார். தார் ரோட்டில்கூட இல்லை, அதைத் தாண்டிய மண்தரையில். இதே நிலையில் இருக்கும் சிலர் வழக்கை எப்படி நடத்தினீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

மார்ச்சுவரி வாசலிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "நஷ்டஈடு வாங்கித் தர்றோம் அம்மிணி, டிரைவருக்கும் புள்ளகுட்டி இருக்குது" என்றார் ஒரு அதிகாரி. உண்மையான இரக்கத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஸ்டேஷனில் ரைட்டர் டைப் செய்து நீட்டிய புகாரில், அண்ணன் "கவனிக்காமல் திடீரென ரோட்டைக் கடந்தபோது" என்றிருந்தது. நான் அப்படிச் சொல்லவே இல்லை. கையெழுத்துப் போட மறுத்து, நேரில் பார்த்த டீக்கடைக்காரர் சொன்னதை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தரவேண்டும் என்பது சட்டம். கேட்டு நின்று வாங்கினோம். இ.பி.கோ. 279 (ஆபத்தாக வண்டி ஓட்டுதல்), 304ஏ (அஜாக்கிரதையால் மரணம்) என்று பிரிவுகள் போட்டிருந்தார்கள்.

மோதிய வண்டி அவர்களுடையது, விசாரிப்பதும் அவர்களே. இதுதான் இந்த வகை வழக்கின் முழுக் கஷ்டம். வேறு ஸ்டேஷனுக்கு விசாரணையை மாற்றக் கோரி எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. உயர்நீதிமன்றம் போன பிறகுதான் மாறியது. அதற்குள் எவ்வளவோ கைநழுவிப் போயிருக்கும். பக்கத்துப் பெட்ரோல் பங்க்கின் சிசிடிவி பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும் என்று என் மாமா மகன் சொன்னதால், காரியத்துக்கு முன்பே போய் பென்டிரைவில் ஏற்றி வாங்கிவிட்டோம். மோதிய இடம் அதில் தெரியவில்லை. ஆனால் ஜீப் கடந்த வேகம் தெரிந்தது. மேலே சுழல்விளக்கு எரியவில்லை என்பதும் தெரிந்தது.

அந்த விளக்கில்தான் எங்கள் வழக்கு நின்றது. அவசரமாகப் போகிற வண்டி என்றால் அது எரிந்திருக்கவேண்டாமா? மோட்டார் வாகனம் ஓட்டுதலுக்கான 2017ஆம் வருட ஒழுங்குமுறைகள், அவசரப் பணியில் போகும் போலீஸ் வண்டிக்கு வேக வரம்பைத் தாண்டவும் சிவப்பு விளக்கைக் கடக்கவும் இடம் தருகின்றன. அதுவும் மற்றவர் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்று, கவனமாக ஓட்டினால்தான். அப்படியானால் அன்றைக்கு என்ன அவசரம்? கண்ட்ரோல் ரூமிலிருந்து யார் கூப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு? இதை ஸ்டேஷனில் யாரும் கேட்கவில்லை, குற்றப்பத்திரிகையிலும் இல்லை.

விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்தில் எம்.சி.ஓ.பி. என்கிற நஷ்டஈட்டு மனுவைத் தாக்கல் செய்தபோது எங்கள் வக்கீலிடம் நான் வற்புறுத்தியது இதைத்தான். அரசு வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயமில்லை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு விலக்கு தருகிறது. இந்த ஜீப்புக்கும் இல்லை. அதனால் எஸ்.பி.யும் கலெக்டரும்தான் எதிர்மனுதாரர்கள். ஜீப்பின் ஓட்டங்களை எழுதும் லாக் புக், ஸ்டேஷன் பொது நாட்குறிப்பு, கண்ட்ரோல் ரூம் பதிவேடு மூன்றையும் ஆஜர்படுத்தச் சொல்லித் தனி மனு போட்டோம். வாய்தா மேல் வாய்தா. இடையில் கொரோனா. கடைசியில் வந்த லாக் புக்கில், டீசல் போட்டுத் திரும்பிய ஓட்டம் என்று இருந்தது. அந்த நேரத்தில் கண்ட்ரோல் ரூம் அழைப்பு எதுவும் பதிவாகவில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கையும் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை என்றது.

அரசுத் தரப்பு விடவில்லை. ரோந்து என்பது அரசின் இறையாண்மைப் பணி, அதாவது அரசு மட்டுமே செய்யக்கூடிய ஆட்சி வேலை, அதற்கு இழப்பீடு கேட்க முடியாது என்று வாதிட்டார்கள். எங்கள் வக்கீல் 1962ஆம் வருட உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுத்துவைத்தார். ராஜஸ்தான் அரசுக்கும் வித்யாவதி என்ற பெண்ணுக்கும் நடந்த வழக்கு. உதய்பூரில் கலெக்டரின் ஜீப் ஒர்க்ஷாப்பிலிருந்து திரும்பும்போது நடைபாதையில் போனவரை மோதிக் கொன்றது. வேலையாள் செய்த தவறுக்கு ஒரு சாதாரண முதலாளிக்கு உள்ள பொறுப்பு அரசுக்கும் உண்டு என்று அன்றே சொல்லிவிட்டார்கள். டீசல் போட்டுத் திரும்பிய எங்கள் ஜீப்புக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

டீக்கடைக்காரர் வந்து சாட்சி சொன்னார். தினமும் அதே போலீஸ் முன்னால் கடை போடுகிற மனிதர். அவருக்கு நாங்கள் பட்ட கடன் தீராது.

அண்ணனுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. தறி முதலாளி வந்து சொன்ன பிறகும் மாதம் 12,000 என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டி, அவர் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழித்து, அதை வருடக் கணக்காக்கி, வயதுக்கான பெருக்கல் எண் 14ஐப் போட்டால் 18,90,000. அதோடு ஈமச் செலவு உள்ளிட்ட சில தொகைகள், வட்டி. தீர்ப்புக்குப் பிறகும் அரசு கட்டவில்லை. நிறைவேற்று மனு போட்டு, ஆபீஸ் வண்டியை ஜப்தி செய்யும் கட்டம் வந்ததும்தான் பணம் கோர்ட்டில் கட்டப்பட்டது. பிள்ளைகள் பங்கு 18 வயது வரை வங்கி வைப்பில் இருக்கிறது. அண்ணி இப்போது அதே தறிக்கூடத்தில் வேலைக்குப் போகிறார்.

இப்போது சில விதிகள் மாறியிருக்கின்றன. 2022 ஏப்ரல் முதல், விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு போடவேண்டும் என்கிறது சட்டம். தள்ளிப்போடாதீர்கள். போலீசும் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடந்த விபத்து என்றால் 304ஏ இல்லை, பாரதிய நியாய சன்ஹிதா 106. பழைய பிரிவில் அதிகபட்சம் இரண்டு வருடத் தண்டனை, இப்போது ஐந்து. எந்த வருடமானாலும் முதல் வாரத்திலேயே ஒரு பதிவுத் தபால் அனுப்புங்கள்: லாக் புக், கண்ட்ரோல் ரூம் பதிவேடு, சிசிடிவி எதையும் அழிக்கக் கூடாது என்று. அந்த ரசீது பின்னால் பேசும்.

கிரிமினல் வழக்கு இன்னும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடக்கிறது. துறை விசாரணையில் டிரைவர் மீது என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று ஆர்.டி.ஐ. என்கிற தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன். தனிநபர் தகவல் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டி மறுத்துவிட்டார்கள். நஷ்டஈடு கருவூலத்திலிருந்து வந்தது, அதாவது நம் எல்லோர் பணம். ரோந்து வண்டியை அவசரமில்லாத நேரத்தில் எந்த வேகத்தில் ஓட்டலாம் என்று அதற்குப் பிறகாவது ஒரு சுற்றறிக்கை போனதா? அதையும் சேர்த்துத்தான் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்திருக்கிறேன்.