நாலு வாரம், ஒரு வீட்டு வரி ரசீது

ஐந்து வருடச் சட்டப் படிப்பில் மொத்தம் 20 வாரம் இன்டர்ன்ஷிப் காட்ட வேண்டும், மூன்று வருடம் என்றால் 12, ஒரேயடியாக நாலு வாரத்துக்கு மேல் தொடர்ந்து செய்ய முடியாது. இது பார் கவுன்சில் விதி. தெரிந்த சீனியரிடம் கையெழுத்து வாங்கிக் கணக்கை முடிப்பவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. எனக்கு கிரிமினல் பக்கம் ஆசை, ஆனால் சொந்தத்தில் ஒரு வக்கீல்கூட இல்லை, அதனால் வசதியில்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி செய்யும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் நேராகப் போய் மனு கொடுத்தேன். அங்கே ஒரே நாளில் சரி என்றார்கள். கல்லூரியில் பொனாஃபைடு, அதாவது நான் அங்கே படிக்கிறேன் என்ற கடிதம், வாங்கத்தான் ஒன்பது நாள், அதில் இரண்டு நாள் சீல் வைக்கிறவர் லீவு.

வெள்ளைச் சட்டையும் கருப்பு பேண்ட்டுமாகக் குறுக்கு விசாரணை பார்க்கக் கிளம்பினால், முதல் வாரம் முழுக்க ஃபைலுக்கு டேக் கட்டினேன். கோர்ட்டில் உட்கார்ந்த நேரமெல்லாம் பெரும்பாலும் வாய்தா.

இரண்டாவது வாரம் சிறையிலிருந்து வந்த ஒரு பட்டியலைக் கொடுத்தார்கள். பெயில் கிடைத்து 7 நாளாகியும் வெளியே வராதவர்களைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, அதன்படி வந்தது. ஆர்டர் வந்த அன்று சாயங்காலமே ஆள் வீட்டில் இருப்பார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்! வீடுகளுக்கு ஃபோன் போட்டு, ஏன் ஜாமீன்தாரர் வரவில்லை என்று கேட்பது என் வேலை.

பைக் திருட்டு வழக்கில் ஒரு பையன், வயது பத்தொன்பது. இரண்டு ஜாமீன்தாரர் கேட்டிருந்தார்கள். அம்மா ஃபோனை எடுத்து, "சொந்தக்காரங்க யாரும் என் நம்பரையே எடுக்க மாட்டேங்கறாங்க கண்ணு" என்றார். கடைசியில் அந்த அம்மா வேலை பார்க்கும் இட்லிக் கடைக்காரர் வந்தார், சொத்துக்குச் சான்றாகக் கையில் நாலாக மடித்து மஞ்சளடித்துப் போன வீட்டு வரி ரசீது, அதில் இருந்தது இறந்துபோன அவருடைய அப்பா பெயர். கோர்ட் எழுத்தர் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசாமல் அவரிடமே நீட்டினார். கடைக்காரர் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்த மனிதர், அவருக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் பேனல் வக்கீல் (ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீல்) அக்கா, நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனுப் போடலாம் என்று என்னையே டைப் செய்யச் சொன்னார். மூன்று முறை திருத்தினார். நாலாம் நாள், பையனே எழுதிக் கொடுக்கும் சொந்தப் பிணையும் ஒரு ஜாமீன்தாரரும் போதும் என்று ஆர்டர் வந்தது. பெயர் மாற்றிய ரசீதோடு அதே கடைக்காரர்தான் கையெழுத்துப் போட்டார், அதற்கும் இன்னொரு வாரம் பிடித்தது.

போகிறவர்கள் கல்லூரிக் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சிறைக்குப் பேனல் வக்கீலோடு போக அனுமதி கிடைத்தால் அடையாள அட்டை ஒரிஜினல் கையில் இருக்கட்டும், ஃபோனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். இன்டர்ன்ஷிப் டைரியை அன்றன்றே எழுதுங்கள், நான் கடைசி நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்குப் போனதாக வந்துவிட்டது.