கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே ஆர்டர் பிடித்த அனுபவம்

பழைய புத்தகங்களைப் பிரித்துத் தைத்து மறுபடி பைண்டிங் செய்வதும், கையால் தைத்த நோட்டுகள் செய்து விற்பதும் என் தொழில். ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார், அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது. அதில் உள்ள சிக்கல், ஒரு மாதம் தலைக்கு மேல் வேலை இருக்கும், அடுத்த மாதம் ஈ ஓட்ட வேண்டியிருக்கும். இந்த மேடு பள்ளத்தைக் கொஞ்சம் நிரவலாமே என்றுதான் சமூக ஊடகத்தில் கடை விரித்தேன். வைரல் ஆக வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. ஒரே நாளில் ஆயிரம் பேர் புத்தகத்தை அனுப்பிவைத்தால் தைப்பது யார்?

கணக்கு தொடங்குவது பெரிய விஷயமில்லை. ஆனால் எந்த வகைக் கணக்கு என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. ஃபேஸ்புக்கில் சொந்தக் கணக்கிலேயே விற்றுக்கொண்டிருக்கும் பலரைத் தெரியும். அதில் நண்பர்கள் 5,000 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. தவிர, சொந்தக் கணக்கை முழுக்க வியாபாரத்துக்கு வைத்துக்கொள்வது அவர்கள் விதிப்படி சரியும் இல்லை. அதனால் வியாபாரத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் (பேஜ்) தொடங்கினேன். தொடங்கினால், போட்ட பதிவு யார் கண்ணிலும் படவில்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் நியூஸ் ஃபீடை மாற்றி, நிறுவனப் பக்கங்களின் பதிவுகளைவிட நண்பர்கள், குடும்பத்தாரின் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. அதற்குப் பிறகு பக்கம் தொடங்குகிறவர்கள் ஒரு விஷயத்தை ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். பின்தொடர்பவர்கள் எண்ணிக்கை வேறு, பதிவைப் பார்ப்பவர்கள் எண்ணிக்கை வேறு.

இன்ஸ்டாகிராமில் பிசினஸ் கணக்குக்கு மாறினேன். மாறியதும் பிரபலமான பாட்டுகள் பாதி காணாமல் போயின. வணிகக் கணக்குகளுக்கு அந்தப் பாட்டுகளின் உரிமை கிடையாது, அதற்கென்று ஒதுக்கிய இசையைத்தான் பயன்படுத்த வேண்டும். இதற்காகவே கணக்கை மாற்றாமல் இருப்பவர்கள் உண்டு. எனக்கு அது நல்லதாகவே போயிற்று. தாள் மடிக்கும் சத்தம், ஊசி போய் வரும் சத்தம், அட்டையைக் கத்தி கிழிக்கும் சத்தம் என்று மேஜையில் கேட்பதையே அப்படியே விட்டுவிட்டேன். பாட்டுப் போட்டு எடுத்த வீடியோவைவிட அவற்றைத்தான் கடைசி வரை பார்த்தார்கள்.

முதலில் போட்டதெல்லாம் முடித்த வேலையின் படங்கள். லைக் விழுந்தது. யாரென்று பார்த்தால் என் சொந்தக்காரர்கள், நண்பர்கள், இதே தொழிலில் இருக்கும் மற்றவர்கள். பாராட்டு சந்தோஷம்தான், ஆனால் சக தொழிலாளி எனக்கு ஆர்டர் தரப்போவதில்லையே. அந்தச் சமயத்தில் ஒரு படத்துக்குக் கீழே ஒருவர் கேட்டிருந்தார்: “பசை போட்டு ஒட்டின புத்தகம், பக்கம் பக்கமா கழன்று வருது. இதைத் தைக்க முடியுமா?”

ஒரு வரியில் “முடியும், இன்பாக்ஸுக்கு வாங்க” என்று முடித்திருக்கலாம். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் அவ்வளவு எளிது இல்லை. பழைய முறையில் அச்சிட்ட புத்தகத்தில் தாள்கள் ஃபாரம் ஃபாரமாக, அதாவது சின்னச் சின்னக் கட்டுகளாக, மடித்து அடுக்கியிருக்கும். மடிப்பின் நடுவில் ஊசியை விட்டுத் தைத்தால் புத்தகம் நன்றாக விரியும். பசை போட்ட புத்தகத்தில் மடிப்பையே வெட்டி எறிந்துவிட்டிருப்பார்கள். எல்லாம் தனித்தனித் தாள். அதை ஓரத்தில் துளையிட்டுத்தான் தைக்க வேண்டும், தைத்தால் உள் ஓரம் குறையும், புத்தகம் தட்டையாக விரியாது. நெருக்கி அச்சடித்த புத்தகம் என்றால் எழுத்தே தையலுக்குள் போய்விடும். இதைச் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று, வீணாகக் கிடந்த இரண்டு புத்தகங்களை எடுத்து மேஜையில் வைத்தேன். போனை மேலே இருந்து பார்க்கும்படி நிறுத்தி, ஒன்றை மடிப்பில் தைத்தும் இன்னொன்றை ஓரத்தில் தைத்தும் இரண்டையும் விரித்துக் காட்டினேன். ஒன்று படுத்துக்கொண்டது, இன்னொன்று பிடிவாதமாக மூடிக்கொண்டது. அவ்வளவுதான் வீடியோ. முகம் கூடத் தெரியாது, விரல்கள் மட்டும்.

கேட்டவர் தன் புத்தகத்தைத் தைக்க வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆனால் அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். “உன் அகராதி கிழிஞ்சு கிடக்கே, பார்” என்கிற மாதிரி. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி, ஒரு பதிவு எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பவற்றில் பார்க்கும் நேரம், லைக், அடுத்தவருக்கு அனுப்புவது ஆகிய மூன்றும் முக்கியம் என்று சொல்லியிருக்கிறார். இதில் நம்மைத் தெரியாதவர்களிடம் பதிவைக் கொண்டு சேர்ப்பதில் அனுப்புவதற்குத்தான் எடை அதிகம். அழகான படத்துக்கு லைக் போடுவார்கள். ஆனால் ஒருவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் அதில் அந்த ஆளுக்கு ஏதாவது பயன் இருக்க வேண்டும்.

அதிலிருந்து பதிவுக்கு விஷயம் தேடி மண்டையைக் குடைவதை விட்டுவிட்டேன். கமெண்டிலோ இன்பாக்ஸிலோ வரும் கேள்வியை ஒரு நோட்டில் எழுதிவைப்பேன், அதே கேள்வி இன்னொருவரிடமிருந்தும் வந்தால் அது அடுத்த வீடியோ. எழுதும்போது அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுவேன். “செக்‌ஷன் தையல்” என்ற தொழில் பெயரில் யாரும் தேடுவதில்லை, “பக்கம் கழன்று வருது” என்றுதான் தேடுகிறார்கள். ஹேஷ்டேக் அடுக்குவதைவிட இந்த ஒரு வரி அதிகம் வேலை செய்தது.

விலை விஷயத்தில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. “விலை என்ன?” என்று பொதுவில் கேட்பவரை “இன்பாக்ஸ் பாருங்கள்” என்று அனுப்புவது எனக்குப் பிடிக்காது. வாங்குபவராக நான் இருந்தால் அந்த இடத்திலேயே வேறு பக்கம் போய்விடுவேன். ஆனால் புத்தகத்தைப் பார்க்காமல் பழுதுபார்க்கும் விலையைச் சொல்லவும் முடியாது. அதனால் நோட்டுகளுக்கு நேரடி விலை, பழுதுபார்ப்புக்கு இதிலிருந்து இதுவரை என்ற வரம்பு, அது எதனால் மாறும் என்ற விளக்கம் மூன்றையும் ஒரே பதிவில் எழுதி மேலே பின் செய்துவிட்டேன். பேரம் பேசுபவர்கள் குறைந்தார்கள். சும்மா விலை கேட்டுப் போகிறவர்களும் குறைந்தார்கள், அது இழப்பு இல்லை.

பேச்சு முற்றி ஆர்டராக மாறும் இடம் பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பில் இருக்கும் வசதிகளில் கேட்டலாக் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எனக்கு அதிகம் உதவியது குவிக் ரிப்ளை. ஒரு சாய்கோட்டைத் தட்டினால் சேமித்து வைத்த பதில் வந்து நிற்கும். என்னுடைய முதல் பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: “வணக்கம். மூன்று படம் அனுப்புங்கள். மூடிய நிலையில் அட்டை, புத்தகத்தின் முதுகு, அதிகம் கெட்டுப்போன பக்கம். அளவு தெரிய பக்கத்தில் ஒரு பேனா வைத்து எடுத்தால் நல்லது.” இதை அனுப்பியதும் உண்மையிலேயே வேலை கொடுக்க நினைப்பவர் படத்தோடு வருவார், மற்றவர்கள் நழுவிவிடுவார்கள். அப்புறம் லேபிள். ‘படம் வர வேண்டும்’, ‘விலை சொன்னது’, ‘வேலையில் இருப்பது’, ‘அனுப்பியது’ என்று பிரித்து வைத்ததும், யாருக்கோ பதில் சொல்லாமல் விட்டோமோ என்ற பதற்றம் போய்விட்டது.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போகும். ஆகவே பொருள் கொடுத்த கையோடு “புது நோட்டு வந்தால் சொல்லட்டுமா? சரி என்றால் என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று கேட்டுவிடுவேன். கேட்காமல் சேர்த்தால் பிளாக் செய்வார்கள். நிறையப் பேர் பிளாக் செய்தால் கணக்கே போகும்.

விளம்பரத்துக்கும் கொஞ்சம் பணம் போட்டுப் பார்த்தேன். பதிவை விளம்பரமாக்கும் பூஸ்ட் பட்டன் கைக்கு அருகில் இருக்கிறதே என்று சட்டென்று தட்டிவிடக் கூடாது. உள்ளே போனால் நோக்கம் என்ன என்று கேட்கும். பக்கத்தைப் பார்க்கவைப்பது, வலைத்தளத்துக்கு அனுப்புவது, மெசேஜ் வரவைப்பது என்று வேறு வேறு. பக்கத்தைப் பார்க்கும் பழக்கமுள்ளவர்கள் ஒரு கூட்டம், மெசேஜ் அனுப்பும் பழக்கமுள்ளவர்கள் இன்னொரு கூட்டம், நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்தக் கூட்டத்தைத்தான் அது தேடிப் பிடிக்கும். எனக்கு மெசேஜ்தான் வேண்டும். விளம்பரங்களை விரிவாக அமைக்கும் ஆட்ஸ் மேனேஜர் வழியாகப் போனால், யாருக்குக் காட்டுவது என்று விளம்பரம் பழகிக்கொள்ள வாரத்துக்குச் சுமார் 50 பலன்களாவது (எனக்கு என்றால் 50 மெசேஜ்) வேண்டும் என்பது ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா சொல்லும் கணக்கு. என் அளவிலான தொழிலுக்கு அது எட்டாது. அதனால் தானாகவே நன்றாக ஓடும் வீடியோ எதுவோ அதற்கு மட்டும், கையில் வேலை குறைவாக உள்ள வாரங்களில் மட்டும் பணம் போடுகிறேன். ஓடாத பதிவுக்குப் பணம் போட்டால், ஓடாத பதிவை இன்னும் நிறையப் பேர் பார்ப்பார்கள், அவ்வளவே.

கூரியரில் ஒரு பார்சலின் மூலை நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர் கோபத்தில் என் புதிய பதிவுக்குக் கீழே படத்தோடு போட்டுவிட்டார். அழித்துவிடலாமா என்று வீட்டில் கேட்டார்கள். அழித்திருந்தால் அவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தன் பக்கத்தில் போட்டிருப்பார், அப்புறம் பேச்சு என் கையில் இருக்காது. அங்கேயே இரண்டு வரியில், “அட்டை நசுங்கியது தெரிகிறது. புதிதாகச் செய்து அனுப்புகிறேன், முகவரியை மட்டும் இன்பாக்ஸில் உறுதி செய்யுங்கள்” என்று எழுதினேன். யார் மேல் தப்பு என்ற விசாரணையே அங்கே வைக்கவில்லை. மாற்று நோட்டு கிடைத்ததும் அதே கமெண்டுக்குக் கீழே அவரே வந்து எழுதினார். அதைப் படித்துவிட்டு ஒருவர், “இப்போ எப்படிப் பேக் பண்றீங்க?” என்று கேட்டார். நான்கு மூலைக்கும் அட்டையை மடித்துத் தொப்பி போடுவதை எடுத்துப் போட்டேன். தையல் வீடியோக்களுக்கு இணையாக அது ஓடியது. பேக்கிங்கைப் பார்க்க மக்களுக்கு இவ்வளவு ஆசை இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

வாடிக்கையாளர் எடுத்த படங்களைப் பகிர்வதில் என் தொழிலுக்கென்று ஒரு கவனம் தேவை. பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தில் யாராவது யாருக்காவது ஏதாவது எழுதியிருப்பார்கள். பெயர், தேதி, சில நேரம் கண்ணீர் வரவைக்கும் வரிகள். பதிவாகப் போட்டால் பிய்த்துக்கொண்டு போகும் என்று தெரியும். ஆனாலும் கேட்காமல் போடுவதில்லை. சரி என்று சொன்னாலும் பெயரை மறைத்துவிடுகிறேன்.

பக்கம் கொஞ்சம் வளர்ந்ததும் வேறு விதமான மெசேஜ்கள் வரும், தயாராக இருங்கள். “காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் உங்கள் பக்கம் நீக்கப்படும், இங்கே முறையீடு செய்யவும்” என்று நிறுவனத்தின் சின்னத்தோடு வரும். பாஸ்வேர்டைப் பறிப்பதற்கான வலை அது. உண்மையான எச்சரிக்கை என்றால் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் கணக்கு நிலையில் தெரியும், முன்பின் தெரியாத கணக்கிலிருந்து இன்பாக்ஸுக்கு வராது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை முதல் நாளே போட்டுவிடுவது நல்லது. ஃபாலோயர்களை விற்பவர்களும் வருவார்கள். அந்தக் கணக்குகள் எதையும் பார்க்காது, எதையும் வாங்காது. எண்ணிக்கை மட்டும் ஏறி, பதிவுக்கு வரும் வரவேற்பு விகிதம் இறங்கும்.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து சுமார் ஆறு மணி நேரம் முடங்கிக் கிடந்தன. கடை முழுவதும் அந்த மூன்றில் இருந்தவர்களுக்கு அன்று கதவே பூட்டிய மாதிரி. அதனால் ஆர்டர் விவரங்களை மட்டும் தனியாக ஒரு ஷீட்டில் வைத்திருக்கிறேன்: பெயர், போன், என்ன புத்தகம், எங்கே பார்த்து வந்தார்.

ஷீட்டில் உள்ள அந்தக் கடைசி விவரத்தில் இருந்துதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். ஆர்டர் கொடுப்பவரிடமெல்லாம் “எங்களை எங்கே பார்த்தீர்கள்?” என்று கேட்பேன். “ரொம்ப நாளா பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்” என்பார்கள் பலர். தேடிப் பார்த்தால் ஒரு லைக் கூடப் போட்டிருக்க மாட்டார்கள். வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்து, தாத்தாவின் புத்தகம் கையில் பிரிந்து வரும் நாளில் நேரே மெசேஜ் அனுப்புகிறவர்கள் இவர்கள். பதிவுகளின் புள்ளிவிவரம் காட்டும் இன்சைட்ஸில் லைக் கணக்கைப் பார்ப்பதை அதன்பிறகு குறைத்துக்கொண்டு, எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் அனுப்பினார்கள் என்பதை மட்டும் பார்க்கிறேன்.

இப்போது வாரத்தில் ஒரு நாள், எப்படியும் செய்ய வேண்டிய வேலையைச் செய்யும்போதே போனை மேலே மாட்டிவிடுகிறேன். எடுத்ததை வெட்டி, மெட்டா பிசினஸ் சூட்டில் நாள் குறித்து வைத்துவிட்டால் வாரம் முழுக்க அதுவே போகும். கமெண்டுக்குப் பதில் சொல்வதை மட்டும் யாரிடமும், எந்த இயந்திரத்திடமும் விடவில்லை. காலையில் வேலை தொடங்கும் முன் ஒரு முறை, மாலையில் கை கழுவிய பிறகு ஒரு முறை உட்காருகிறேன். மேடு பள்ளம் முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் சும்மா இருக்கும் வாரங்கள் குறைந்திருக்கின்றன.

கேள்வி நோட்டில் அடுத்து நிற்பது ராமபாணப் பூச்சி. அலமாரியில் இருக்கும் புத்தகங்களில் பூச்சி வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது, வந்தால் என்ன செய்வது என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அரித்த பக்கங்கள் கைவசம் இருக்கின்றன, பேச வேண்டியதும் எழுதியாகிவிட்டது. கேமராவுக்கு முன்னால் நிற்க ஒரு பூச்சிதான் இன்னும் அகப்படவில்லை.