தோட்டத்து வீட்டிலிருந்து அனைத்துலகப் பயிற்சிப் பணி

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வெளிநாட்டுப் பெண்கள் அமைப்புக்கு இணையவழியில் வேலை செய்யலாம். ஆனால் சேர்வதற்கு முன் சிலவற்றை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உதவித்தொகை உண்டா, முடிவில் எதை ஒப்படைப்பது, அறிக்கையில் நம் பெயர் வருமா. பதிவுக் கட்டணம் கேட்டால் அது சான்றிதழ்க் கடை, விட்டுவிடுங்கள். பல்கலைக்கழகப் பயிற்சிக்காகச் செய்பவர்கள், வெளிநாட்டு அமைப்பையும் லாக் புக்கில் (பயிற்சிக் குறிப்பேட்டில்) மின்கையொப்பத்தையும் ஏற்பார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

நேரக் கணக்கில் பலர் தவறுகிறார்கள். நைரோபி நமக்கு 5 மணி நேரம் பின்னால், அது மாறாது. லண்டன் கோடையில் 7, குளிர்காலத்தில் 8. மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவார்கள், நாம் மாற்றுவதில்லை. மறந்தால் அடுத்த கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பின் ஆகிவிடும். மாலை மழையில் லைன் போகும். இரண்டு நிறுவன சிம் வைத்திருங்கள். பெரிய கோப்புகளைக் காலையிலேயே அனுப்பிவிடலாம், அல்லது பக்கத்தில் நாடி (NADI) எனும் அரசு இணைய மையம் இருந்தால் அங்கே போகலாம்.

உண்மையான வேலை, அமைப்புக்காகத் தோட்டத்துப் பெண்களை நேர்காணல் செய்வதில்தான். பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) போய், வேலை முடித்துத் திரும்பிச் சமைத்து முடித்த அக்காமார்களை மாலை 4 மணிக்கு மேல்தான் பிடிக்க முடியும். கேள்வித்தாளில் "வீட்டில் முடிவெடுப்பது யார்?" என்றிருக்கும். அப்படியே கேட்டால் "ரெண்டு பேருந்தான்" என்று முடிந்துவிடும். "பேங்க் கார்டு யார் கையில? பின் நம்பர் யாருக்குத் தெரியும்?" என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும். கணவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் அன்று விட்டுவிட்டு வேறு நாள் வாருங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிய பிறகே பதிவுப் பொத்தானைத் தொட வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சைத் தட்டச்சு செய்ய 5 மணி நேரம், மொழிபெயர்க்க 3 மணி நேரம் ஆகும். வாரத்துக்கு 20 மணி நேரம் என்றால் 8 நேர்காணலுக்கே மூன்று வாரத்துக்கு மேல் போய்விடும்.

பேசியவரின் அடையாளத்தை மறைக்க, பெயரை எண்ணாக மாற்றினால் போதாது. நாற்பது வீட்டு லயத்தில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) "தையல் தைக்கும் விதவை" என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும்.

இன்னொரு சிக்கல் கூட்டு. மாதாமாதம் பணம் போட்டு ஒருவர் எடுக்கும் இந்தச் சேமிப்பை, கென்யாவின் "சாமா" போலவோ இந்திய சுயஉதவிக் குழு போலவோ நினைத்து, வெற்றிக்கதையாக எழுதச் சொல்வார்கள். மலேசியாவிலோ அதைத் தொழிலாக நடத்துவது 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூட்டு பிடிக்கும் அக்காவின் பெயர், படம், தோட்டம் எதுவும் வெளியே போகக்கூடாது. ஏன் என்று மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலிலேயே விளக்கிவிடுங்கள், வாய்ப்பேச்சு மறந்துபோகும். அவர்கள் அனுப்பும் பின்னணிக் குறிப்பையும் சரிபாருங்கள்: மகப்பேற்று விடுப்பு 60 நாள் என்று பழைய கணக்கே இருக்கக்கூடும். 2023 ஜனவரி 1 முதல் அது 98 நாள்.

பரிந்துரைக் கடிதத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ள வேண்டாம். ஒப்பந்தம் முடிந்து மேற்பார்வையாளர் போய்விட்டால் அந்த மின்னஞ்சல் முகவரியும் செத்துவிடும்.