புழு மனைக்கு ஒரு சட்டை

பட்டுப்புழுவுக்குப் புகையிலை ஆகாது. பாலக்கோட்டிற்கும் மாரண்டஅள்ளிக்கும் இடையே மல்பெரி வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். புகையிலை வயலுக்குப் பக்கத்தில் மல்பெரி நடக்கூடாது. நிகோட்டின் பட்ட இலையைத் தின்ற புழு தலையைத் தூக்கிக்கொண்டு நீரைக் கக்கி, சுருங்கிச் செத்துவிடும். அதனால் பதினோரு ஆண்டுகளாக நான் ஓர் ஒழுங்கை விடாமல் காத்துவந்தேன். புழு வளர்க்கும் கொட்டகையை நாங்கள் புழு மனை என்போம். சிகரெட் பெட்டி புழு மனைக்குள் வராது. புகைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாயைக் கொப்பளித்து, வாசல் ஆணியில் தொங்கும் வேறு சட்டையை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போவேன்.

வீட்டுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. 22 வயதில் தொடங்கிய பழக்கம், 45 வயதில் ஒரு நாளைக்குப் பதினைந்து சிகரெட் என்று நின்றிருந்தது. திண்ணையின் ஒரு முனையில் நான் உட்கார்ந்து புகைப்பேன். மறுமுனையில் அம்மா வெற்றிலைப் பையோ முறமோ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மாசி மாதத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தருமபுரிக்கு அழைத்துப் போனேன். மருந்துப் புகையை முகமூடி வழியாக இழுக்கவைத்த பிறகு, அந்த இளம் மருத்துவர் கேட்டார்: "பாட்டி, பீடி குடிக்கிற பழக்கம் இருந்ததா?"

"தொட்டதுகூட இல்லை, சாமி."

"வீட்டில் யாராவது?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "ரொம்ப நாள் விறகு அடுப்பில் சமைத்தேன்" என்றார். அதுவும் உண்மைதான். ஆனால் என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பதற்காக அவர் அதைச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். "நான் புகைக்கிறேன், டாக்டர்" என்று நானே சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நெடுநேரம் பேசவில்லை. ஊர் நெருங்கும்போது அம்மா மெதுவாகச் சொன்னார்: "புழுவிடம் போகும்போது சட்டை மாற்றுகிறாய் அல்லவா, கண்ணு. வீட்டுக்கு வரும்போதும் அப்படி மாற்றிக்கொண்டு வா. எனக்கு அது போதும்." விட்டுவிடு என்றுகூட அவர் கேட்கவில்லை. புழுவுக்குக் கொடுத்த இடத்தைத் தனக்கும் கொடு என்று மட்டுமே கேட்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிகரெட் பெட்டியின் மீது 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அந்த நோய்ப் படத்தை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறேன். அது என்னை ஒருநாளும் நிறுத்தியதில்லை. கண் பழகிவிடுகிறது. அந்தப் படத்தோடு ஓர் இலவசத் தொலைபேசி எண்ணும் அச்சாகியிருப்பதை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன்: 1800-11-2356. மறுநாள் அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள். திட்டுவார்கள், அறிவுரை சொல்வார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். அந்த ஆலோசகர் கேட்டதெல்லாம் நடைமுறைக் கேள்விகள். எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? எந்தெந்த இடத்தில், யாரோடு? முன்பு விட முயன்றபோது எத்தனையாவது நாளில் தோற்றீர்கள்?

கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. இரண்டு முறை முயன்று, இரண்டு முறையும் மூன்றாம் நாளில் தோற்றிருக்கிறேன். எனக்கு மன உறுதி இல்லை என்றே அதுவரை நம்பியிருந்தேன். "மூன்றாம் நாள்தான் பெரும்பாலானவர்களுக்கு உச்சம்" என்றார் அவர். நிகோட்டின் உடம்பை விட்டு வேகமாக வெளியேறிவிடும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும். அது இல்லாமல் மூளை தவிக்கும் தவிப்பு இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்துக்குப் போகும். பிறகு வாரக்கணக்கில் மெல்ல மெல்ல இறங்கும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே யாராவது இதை எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் இரண்டு முறையும் மலை உச்சியில் நின்றுகொண்டு, இனி எப்போதும் இப்படியே ஏற்றம்தான் என்று நினைத்துத் திரும்பியிருக்கிறேன்.

விடும் நாளை நானே குறித்தேன். இளம்புழு வளர்ப்பு மையத்திலிருந்து இரண்டாம் தோலுரிப்பு முடிந்த புழுக்கள் வரும் வியாழக்கிழமைக்கு மறுநாள், வெள்ளிக்கிழமை. வேலை நெருக்கும் நேரத்தில் வேண்டாம் என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொன்னார். எனக்கு அது சரியென்று படவில்லை. புழு வந்துவிட்டால் ஊரை விட்டு நகர முடியாது, டீக்கடைப் பக்கம் போகவும் நேரம் இருக்காது. வியாழக்கிழமை இரவே வண்டிப் பெட்டியில் இருந்த பாக்கெட், மாடத்தில் இருந்த தீப்பெட்டி, சாம்பல் தட்டும் கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் எடுத்து எறிந்தேன். என் சட்டைகளை எல்லாம் மனைவி ஊறப்போட்டார். அந்தத் தண்ணீரின் நிறத்தை நான் பார்க்கவேண்டும் என்று கூப்பிட்டுக் காட்டினார்.

முதல் நாள் நினைத்த அளவு கடினமாக இல்லை. விட்ட 12 மணி நேரத்துக்குள் இரத்தத்தில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்கிவிடும் என்று கேட்டிருந்தேன். மாலை ஆறு மணிக்கு அதை நினைத்துக்கொண்டேன். அந்தச் செய்தியைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டுதான் இரவுவரை வந்தேன். புகைக்கவேண்டும் என்ற வெறி வரும்போது அது ஐந்து, பத்து நிமிடத்துக்குமேல் நீடிப்பதில்லை என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். கடிகாரம் பார்த்தால் அந்த நிமிடங்கள் நகரவே மாட்டேன் என்கின்றன. நான் மல்பெரியால் அளந்தேன். ஒரு கட்டுத் தண்டு அறுத்து முடிப்பதற்குள் வெறி தணிந்திருக்கும். சில நேரம் இரண்டு கட்டு.

டீயைப் பற்றிச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. இரண்டாம் நாள் கை நடுக்கமும் படபடப்பும் தாங்கமுடியவில்லை. எல்லாம் நிகோட்டின் இல்லாததால் என்றுதான் நினைத்தேன். தொலைபேசியில் கேட்டபோது, எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஆறு. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டி, காபியிலும் டீயிலும் இருக்கும் காஃபீனை வேகமாக அகற்றவைக்கின்றனவாம். புகை நின்றதும் அந்த வேகமும் நின்றுவிடுகிறது. அதே ஆறு டீ இப்போது உடம்பில் முன்பைவிட அதிகமாகத் தங்குகிறது. பாதியாகக் குறைத்தேன். காலை டீயை முற்றாக நிறுத்திவிட்டுக் கேழ்வரகுக் கூழ் குடித்தேன். டீ கையில் இருந்தால் மறு கை சிகரெட்டைத் தேடும், கூழ்ச் சொம்போடு எனக்கு அப்படி எந்தப் பழக்கமும் இல்லை.

சனிக்கிழமை மாலை புழுக்கள் மூன்றாம் தோலுரிப்புக்குப் போயின. இதைத்தான் நான் கணக்கில் எடுக்கத் தவறியிருந்தேன். தோலுரிக்கும் புழு எதுவும் தின்னாது. தலையைச் சற்றே தூக்கியபடி அசையாமல் கிடக்கும். படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவி உலரவைத்துவிட்டு, ஏறக்குறைய ஒரு முழு நாள் அதைத் தொடாமல் இருக்கவேண்டும். என் வேலை எல்லாம் நின்றுபோன அந்த ஞாயிற்றுக்கிழமைதான் என் மூன்றாம் நாள்.

காலையிலேயே மனைவியிடம் கத்தினேன். இலை முற்றிவிட்டது, யார் வெட்டச் சொன்னது என்று. அந்த இலையை வெட்டியவன் நான்தான். தலை வலித்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. புழு மனை வாசலில் போய் நின்றேன். ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒன்றுகூட அசையாமல் கிடந்தன. வழக்கமாக மழைபோலக் கேட்கும் இலை தின்னும் சத்தமும் இல்லை. நடந்தால் பத்து நிமிடத்தில் கடை. பணம் சட்டைப் பையில் இருந்தது. கால் இரண்டடி எடுத்து வைத்தும்விட்டது.

திண்ணையில் அம்மா புளி உடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் அந்த மாதங்களில் புளி உடைக்காத வீடு அரிது. "இங்கே வந்து உட்கார்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. ஒரு கோணிப் புளியம்பழத்தை என் பக்கம் தள்ளினார். ஓட்டை உடை, நாரை உரி, கொட்டையைத் தட்டி எடு. முதல் அரை மணி நேரம் கோபத்தோடு உடைத்தேன். பிறகு விரல்கள் தாமாகவே போயின. சிகரெட்டைப் பிடித்துப் பழகிய அதே இரண்டு விரல்களால்தான் நாரை உரிக்கவேண்டும். வெறி வரும்போதெல்லாம் ஒரு துண்டை உப்போடு வாயில் போட்டுக்கொண்டேன். நாக்கு கூசி, எச்சில் ஊறி, அந்தக் கணம் கடந்துபோகும். மாலைவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். இருட்டும் நேரத்தில் போய்ப் பார்த்தபோது புழுக்கள் பழைய தோலைக் கழற்றிவிட்டு, வெளுத்த முகத்தோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தன. எல்லாம் எழுந்த பிறகு இலை போட்டேன். அன்றிரவு நன்றாக அழுதேன். ஏன் என்று இன்றும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அம்மாவை மறுபடி மருத்துவரிடம் காட்டப் போனபோது என் நிலையையும் சொன்னேன். நிகோட்டின் சூயிங்கம் எழுதிக்கொடுத்தார். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவன் என்பதால் 4 மில்லிகிராம். அதைச் சாதாரண மிட்டாய்போல மெல்லக்கூடாது. மிளகுக் காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தின் ஓரம் ஒதுக்கிவைக்கவேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்லவேண்டும். டீ குடித்த உடனே போட்டால் சரியாக வேலை செய்யாது. நான் முதலில் ஆட்டுக்குட்டி தழை தின்பதுபோல மென்று, விக்கலும் வயிற்றெரிச்சலும் வாங்கிக்கொண்டேன். அதிலும் இருப்பது நிகோட்டின்தான் என்பதால், கை கழுவாமல், வாய் கொப்பளிக்காமல் புழு மனைக்குள் போகவில்லை. ஒரு போதையை விட இன்னொரு போதையா என்று அண்ணன் கேட்டார். சிகரெட்டின் தாரும் கார்பன் மோனாக்சைடும் இதில் இல்லை. நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவதற்கான மருந்து இது. வெறுங்கையோடு போராடுவதில் பெருமை ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

யாரும் வெளியே சொல்லாத ஒன்று மலச்சிக்கல். காலைச் சிகரெட் இல்லாமல் வயிறு நான்கு நாட்கள் பிடிவாதம் பிடித்தது. பப்பாளியும் கீரையும் தண்ணீரும்தான் வழி. வாய்ப்புண்ணும் வந்தது. இரண்டாம் வாரத்தில் இருமல் கூடியபோது உண்மையிலேயே பயந்துபோனேன். விட்ட பிறகு ஏன் சளி அதிகம் வருகிறது? மூச்சுக்குழாயில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய மயிரிழைகள் புகையால் செயலிழந்து கிடந்தவை, மறுபடி வேலை செய்யத் தொடங்கியிருக்கின்றன என்று மருத்துவர் விளக்கினார். ஆனால் இரத்தம் கலந்து வந்தாலோ, வாரக்கணக்கில் நிற்காவிட்டாலோ உடனே வரச்சொன்னார்.

ஒன்பதாம் நாள் தவறினேன். அன்று நான்காம் தோலுரிப்பு. வேலை இல்லை என்பதால் பென்னாகரத்தில் ஒரு காது குத்துக்குப் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு பந்தலுக்குப் பின்னால் மச்சான் பாக்கெட்டை நீட்டினார். "ஒன்றுதானே, மாமா." வாங்கிவிட்டேன். இரண்டு இழுப்பில் தலை சுற்றியது, கீழே போட்டு மிதித்தேன். பஸ் ஏறும்வரை, எல்லாம் போயிற்று, இனி ஒரு பாக்கெட் வாங்கினால்தான் என்ன என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த எண்ணம் அந்த இரண்டு இழுப்பைவிட ஆபத்தானது. மாலையில் ஆலோசகரை அழைத்துச் சொன்னேன். எட்டு நாட்கள் அழிந்துபோகவில்லை, எந்த இடத்தில், யார் கொடுத்து, என்ன நேரத்தில் என்று மட்டும் எழுதிவையுங்கள் என்றார். எழுதினேன். அடுத்த நாள் மச்சானையும் அழைத்து, இனி எனக்கு நீட்டவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் வருத்தப்பட்டார். அவர் மீது எனக்குக் குறை எதுவும் இல்லை.

நான்காம் தோலுரிப்பு முடிந்து கடைசியான ஐந்தாம் பருவம் வந்துவிட்டால் புழுக்கள் இலையை வாரி விழுங்கும். மொத்தப் பயிருக்கும் வேண்டிய இலையில் பெரும்பகுதி அந்த ஒரு வாரத்தில்தான் போகும். இரவு பத்து மணித் தீனி போட்டுவிட்டுப் படுத்தால் தூக்கம் விட்டுவிட்டு வரும். புகைப்பதுபோலக் கனவு வந்து, திடுக்கிட்டு எழுந்து, விரலை முகர்ந்து பார்த்திருக்கிறேன். ஒருநாள் விடியற்காலை மல்பெரி வெட்டும்போது அந்த இலையின் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. பதினோரு ஆண்டுகளாக வெட்டும் இலை. அதற்கு அப்படி ஒரு வாசனை இருப்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

பழுத்த புழுக்களைக் கூடு கட்டும் வலைகளில் விட்டபோது பதினெட்டாம் நாள். இருபத்தைந்தாம் நாள் தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குக் கூட்டைக் கொண்டுபோனேன். அங்கே ஏலத்துக்குக் காத்திருக்கும் நேரம் எனக்கு எப்போதும் சிகரெட் நேரம். வெளியே மரத்தடியில் பழைய கூட்டாளிகள் நின்றார்கள். போகவில்லை என்று சொன்னால் பொய்யாகும். போனேன், பையில் இருந்த புளியை வாயில் அடக்கிக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றேன். அரூர் பக்கத்துப் பெரியவர் ஒருவர் கவனித்துவிட்டார்.

"விட்டுவிட்டாயா? எந்த நாள் ரொம்பக் கஷ்டமாக இருந்தது?"

"மூன்றாவது நாள், ஐயா. அது தாண்டினால் இறங்கத் தொடங்கிவிடுகிறது."

"நானும் ஒரு தடவை மூன்றாம் நாளில்தான்..." என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். பிறகு அந்த எண் என்ன என்று கேட்டார். உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, கண்ணைச் சுருக்கி, தூரமாகப் பிடித்துப் பார்த்தார். எழுத்து சிறியது, படிக்க முடியவில்லை. நான் வாங்கி ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல, அவர் தம் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டார். அதற்குள் என் கூட்டுக் குவியலுக்கு ஏலம் வந்துவிட்டது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினேன்.