சாக்குக் கழிவு

"அண்ணை, எல்லா எடையிலயும் ஒரு 15 கழியுதே, அது என்ன?"

"சாக்குக் கழிவு தம்பி. ஒன்றரைக் கிலோ."

கிளிநொச்சிப் பக்கம் ஓர் அரிசி ஆலை. பழைய மின்தராசு, உள்ளே கணக்குப் போடும் 8051 என்ற சிப். அதன் கணக்கைப் புதுத் தராசுக்காக விதிகளாக எழுதுகிறேன். மூல நிரல் யாரிடமும் இல்லை, சிப்பிலிருந்து வாசித்தெடுத்த அசெம்பிளிதான், அதாவது சிப்பின் கட்டளைகள் ஒவ்வொன்றாக, கையில்.

சரி, தராசுக்கு ஒன்று என்றால் நூறு கிராம். நிகர எடை = மொத்தம் − சாக்கு. அரைப் பக்க அசெம்பிளி ஒரு வரி விதியாகிவிட்டது.

ஆனால் 8051இன் கழித்தல் கட்டளை கேரி பிட்டையும் (முந்தைய கணக்கு விட்டுச்சென்ற 0 அல்லது 1) சேர்த்தே கழிக்கும், முன்கூட்டியே அதை அழிக்காவிட்டால் சிலவேளை ஒன்று கூடக் கழியும். இதில் ஓரிடத்தில் அழிக்கவேயில்லை. நூறு கிராம், விவசாயிக்குத்தான் நட்டம்!

இயந்திரம் செய்வதையும் செய்யவேண்டியதையும் இரண்டு விதிகளாகவே எழுதியிருக்கிறேன். புதுத் தராசில் எது ஏறும் என்பதை முதலாளியும் நெல் கொண்டுவருபவர்களும் பேசி முடிவெடுக்கட்டும்.